திருமுக்கூடல் ஆதுலசாலையும் உழைச்செல்வாரும்

திருக்குறளில் மருந்து என்பது 95ஆம் அதிகாரம். அதன் இறுதிக் குறள் மருத்துவம் என்னும் தொழிலை நான்கு உறுப்புடையதாக வகுத்துக் காட்டுகின்றது. நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அவை. உழை என்பது பக்கம். நோயாளன் பக்கத்திருந்து அவனுக்கு வேண்டுவன செய்து, மருந்தை உரிய காலத்தில் ஊட்டுவோனே உழைச்செல்வான். வடமொழியில் சரகர் பெயரால் வழங்கும் மருத்துவ நூலும் மருத்துவன், மருந்து, பணிசெய்வோன், நோயாளன் என நான்கு பாதங்களைக் கூறும். ஆகவே, பக்கத்திருந்து பேணுவோன் இன்றி மருத்துவம் நிரம்பாது என்பது பழையோர் இரு மொழியிலும் ஒப்ப முடிந்த கருத்தாகும்.

ஆயினும் நம் நாட்டு மருத்துவ வரலாறு எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் முதல் மூன்றனைப் பற்றியே பேசினர். சாலை நிறுவிய அரசனைப் போற்றினர். மருத்துவன் பெயரை எடுத்துக் காட்டினர். மருந்துகளின் பட்டியலைத் தந்தனர். நான்காம் உறுப்பாகிய உழைச்செல்வார் யாவர், அவர் பெற்றது என்ன என்று வினவியோர் சிலரே. இவ்வினாவிற்கு விடை பகரவல்ல சான்றுகள் தமிழகத்தில் மிகுதியாக இல்லை. இருப்பனவற்றுள் தலைமையானது திருமுக்கூடற் கல்வெட்டு. அதனை இந்நோக்குடன் ஈண்டு ஆராய்வாம்.

பாலாறு, செய்யாறு, வேகவதி என்னும் மூன்று யாறுகளும் கூடுமிடத்தில், காஞ்சிபுரத்திற்கு அணித்தாக அமைந்த ஊர் திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து நெடுங் கல்வெட்டொன்று பொறிக்கப்பட்டுள்ளது. கல்வெட்டுத் துறையினர் 1915இல் இதனைப் படியெடுத்தனர். பின்னர் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இதனை எபிகிராபியா இண்டிகாவின் 21ஆம் தொகுதியில் விரிவான ஆராய்ச்சியுடன் பதிப்பித்தார். கோயிற் பூசை, திருவிழா, பள்ளி, மாணவர் விடுதி, ஆதுலசாலை என்னும் இவற்றுக்கு ஆண்டுதோறும் ஆகும் செலவை நாழியும் காசும் பிசகாமல் வகுத்துரைப்பது இக்கல்வெட்டு. சுருங்கக் கூறின் இது ஒரு வரவு செலவுக் கணக்கு. புகழுரையாகிய மெய்க்கீர்த்தியைக் காட்டிலும் கணக்கு நமக்குப் பெரிதும் உதவும். புகழுரை அரசன் விரும்பியதைச் சொல்லும், கணக்கோ யாருக்கு எவ்வளவு அளக்கப்பட வேண்டும் என்பதைச் சொல்லும்.

ஆதுலசாலைக்கு வீரசோழன் என்பது பெயர். வீரசோழன் என்பது வீரராசேந்திரனின் விருதுப் பெயர்களுள் ஒன்று. புத்தமித்திரர் தாம் இயற்றிய இலக்கண நூலுக்கு வீரசோழியம் எனப் பெயரிட்டதும் இவ்வரசன் பெயரால்தான். ஓர் இலக்கண நூலும் ஒரு மருத்துவச் சாலையும் ஒரே விருதுப் பெயரைத் தாங்கி நிற்றல் தமிழ் பயில்வார்க்கு உவகை தருவதொன்று.

இனிச் சாலையின் அமைப்பினைக் காண்போம். அங்கே நோயாளர் 15 பேர் கிடந்து மருத்துவம் பெறுதற்கு இடம் இருந்தது. அவருள் ஒவ்வொருவருக்கும் நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி வகுக்கப்பட்டது. மருத்துவம் பார்க்கும் உரிமை ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்பானுடையது. இவனுக்கு ஆண்டுக்கு 90 கல நெல்லும் 8 காசும் அளிக்கப்பட்டன. சல்லியக் கிரியை பண்ணுவான், அஃதாவது அறுவை செய்வோன் ஒருவனுக்கு 30 கல நெல். மருந்துக்கு வேண்டும் பச்சிலையும் வேரும் கொணர்ந்து விறகிட்டுப் பிற பணியும் செய்வார் இருவர்க்கு 60 கல நெல்லும் 2 காசும். நோயாளர் பக்கத்திருந்து வேண்டுவன செய்து மருந்து கொடுக்கும் பெண்டுகள் இருவர்க்கு 30 கல நெல்லும் 1 காசும். நாவிதன் ஒருவனுக்கு 15 கலம். தண்ணீர் கொணர்வான் ஒருவனுக்கு 15 கலம். மருந்துகளைச் சேமித்து வைத்தற்கு ஆண்டுக்கு 40 காசு. இரவில் சாலையில் எரியும் விளக்கொன்றுக்கு 2¼ காசு.

இவ்வெண்களை வெறும் பட்டியலாகப் படித்துவிட்டு அகலுதல் எளிது. ஆனால் அவற்றைச் சிறிது வகுத்துப் பார்ப்பின் உட்பொருள் விளங்கும். கலம் ஒன்றுக்குக் குறுணி 12. குறுணி ஒன்றுக்கு நாழி 8. ஆண்டினை 360 நாளாகக் கொள்ளின் மருத்துவனுக்கு நாள் ஒன்றுக்கு 3 குறுணியும், அறுவை செய்வோனுக்கு 1 குறுணியும், பச்சிலை கொணர்வோன் ஒவ்வொருவனுக்கும் 1 குறுணியும், பெண்டுகளுள் ஒவ்வொருத்திக்கும் 4 நாழியும், நாவிதனுக்கும் தண்ணீர் கொணர்வானுக்கும் தனித்தனி 4 நாழியும் குறைவும் மிகுதியுமின்றி வருகின்றன. இவ்வாறு கணக்கு எச்சமின்றி முடிதலால் ஊதியம் நாட்கூலியாகவே முதலில் வரையறுக்கப்பட்டுப் பின்னர் ஆண்டுக்குப் பெருக்கப்பட்டது எனத் துணியலாம்.

இவ்வரையறையில் உழைச்செல்வார் நிற்கும் இடம் யாது? சோழர் காலக் கல்வெட்டுகளில் ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி எனக் கொள்ளும் கணக்கு பயின்று வரும். அதன்படி நோயாளன் ஒருவன் உண்ணும் ஒரு நாழி அரிசிக்கு நெல் இரண்டரை நாழி. அவனைப் பகலும் இரவும் பேணும் பெண் பெறுவது 4 நாழி நெல். எனவே நோயாளனுக்கு அளக்கப்பட்ட உணவிலும் ஒன்றரை நாழி நெல்லே அவளுக்கு மிகுதி. அதனைக் கொண்டு அவள் தானும் உண்டு தன் மனையையும் பேணுதல் வேண்டும். மருத்துவன் பெற்றதில் அவள் நெல் ஆறில் ஒரு பங்கு; காசிலோ பதினாறில் ஒரு பங்கு. எட்டுப் பணியாளர்க்கும் ஆகும் நெல் மொத்தம் 240 கலம். அதில் மருத்துவன் ஒருவனே 90 கலம் பெற, உழைச்செல்வார் இருவரும் கூடிப் பெற்றது 30 கலம்.

பச்சிலை பறித்து விறகிடும் ஆடவர்க்கு 1 குறுணியும், நோயாளரைத் தொட்டுப் பேணும் பெண்டிர்க்கு அதிற் பாதியும் வகுத்தமை எக்காரணம் பற்றி? பச்சிலை தேடிக் காடும் கரையும் திரிதல் பேருழைப்பாகக் கருதப்பட்டது எனலாம்; மூலிகை இனம் அறியும் அறிவுக்கு உரிய மதிப்பு எனலும் ஆம். இவ்விரண்டும் பொருந்துவனவே. ஆனால் நோயாளனின் குறிப்பறிந்து மருந்தூட்டுதற்கும் அறிவு வேண்டும் அன்றோ? பெண் என்பது பற்றியே கூலி பாதியாயிற்று என்று கருதுதற்கே இடம் மிகுதி. இதனை நாம் மறைத்துப் பேசுதல் தகாது.

அறுவை செய்வோன் நிலையும் நோக்கத்தக்கது. அவனுக்கு நெல் மருத்துவனுக்குரியதில் மூன்றில் ஒரு பங்கு; காசு இல்லை. பச்சிலை கொணர்வோனினும் அவன் காசளவிற் குறைந்தவன். அறுவைத் தொழில் இழிவாக எண்ணப்பட்டமையே காரணம் என்பாரும் உளர். நாம் அவ்வளவு விரைந்து முடிவு கூறத் துணியோம். அறுவை நாள்தோறும் நிகழ்வதன்று. அவன் அழைத்தபோது வந்து, ஏனைய நாட்களில் ஊராரிடம் தொழில் செய்து பொருளீட்டியவனாகவும் இருக்கலாம்.

மருந்துகளைப் பற்றியும் ஒரு சிறிது கூறுதல் வேண்டும். ஓராண்டிற்குச் சேமித்து வைக்கத்தக்க மருந்துகளாக இருபதையொட்டிய பெயர்கள் கல்லிற் காணப்படுகின்றன. வாசாகரீதகி, கோமூத்திரகரீதகி, தசமூலகரீதகி, பல்லாதககரீதகி என்பன கடுக்காயை அடிப்படையாகக் கொண்டவை. அரீதகி என்பது கடுக்காயின் வடமொழிப் பெயர். வில்வாதிகிருதம், புராணகிருதம் என்பன நெய்வகை. பின்னது நாட்பட்ட பழநெய். பலாகேரண்டதைலம் போல்வன எண்ணெய்வகை. கலியாணலவணம் உப்பு வகையைச் சார்ந்தது. சுநேத்திரி என்பது பெயரானே கண் மருந்தெனப் புலனாகும். இவற்றுட் பல ஆயுர்வேத நூல்களில் வழங்குவன. ஆதலின் இச்சாலையில் நிகழ்ந்தது சித்த மருத்துவமே எனச் சிலர் எழுதுவதற்குக் கல்வெட்டில் ஆதாரம் இல்லை. ஆயின் ஒன்று கூறலாம். பாலாற்றங்கரையிற் கடுக்காயும் வில்வமும் ஆமணக்கும் தேடிச் சென்ற அவ்விருவரும் அவற்றை அரீதகி என்றும் ஏரண்டம் என்றும் அழைத்திருப்பர் என நம்புதல் அரிது. கல்லில் ஏறிய பெயர் மருத்துவனுடையது. வாயில் வழங்கிய பெயர் வேறாகவே இருந்திருக்கும்.

இனி, இச்சாலை யாருக்காக ஏற்பட்டது? சோழர் காலத்தில் ஏழை எளியோர் அனைவர்க்கும் இலவச மருத்துவம் அளித்த பொது மருத்துவமனை எனப் பள்ளி நூல்களிலும் மேடைகளிலும் இதனைப் போற்றுவது வழக்கமாயிற்று. கல்வெட்டின் அமைப்பு அவ்வாறு கொள்ளுதற்கு இடந்தருவதன்று. ஆதுலசாலைச் செலவு தனியே நிற்கவில்லை. வேதமும் இலக்கணமும் ஆகமமும் பயின்ற மாணவர் 60 பேருக்கும், அவர்க்குக் கற்பித்தோர்க்கும், கோயிற் பணி செய்வார்க்கும் உரிய செலவுகளோடு ஒருங்கு தொடுக்கப்பட்டே நிற்கின்றது. அம்மாணவர்க்கு உணவும் படுக்கப் பாயும் இரவில் விளக்கும் வகுக்கப்பட்டன. ஓராண்டிலுள்ள 51 சனிக்கிழமைகளிலும் தலைக்கு எண்ணெய் வகுக்கப்பட்டது. இக்குழுவினருள் நோயுற்றாரைப் பேணவே 15 இடங்கள் அமைந்தன. இவ்வாறு கூறுதல் அதன் பெருமையைக் குறைப்பதாகச் சிலர் கருதக்கூடும். வரலாற்றுக்கு வேண்டுவது உள்ளதன் அளவு. ஒரு கோயிலைச் சார்ந்து வாழ்ந்த குழு, தன்னுள் நோயுற்றவனை வீட்டுக்கு அனுப்பிக் கைவிடாமல், சோறும் மருந்தும் பணிசெய்வாரும் விளக்கும் ஏற்படுத்திக் காத்தது என்பதே போதிய சிறப்பன்றோ?

அப்படியாயின் ஊரார் நோயுற்றபோது யாரிடம் சென்றனர்? அதற்கு வேறொரு முறை இருந்தது. ஊரில் மருத்துவம் பார்ப்போனுக்கு நிலம் காணியாக அளிக்கப்படும். மருத்துவக்காணி, வைத்தியபோகம் எனக் கல்வெட்டுகள் அதனைக் குறிக்கும். நச்சுக்கடி தீர்ப்போனுக்குரிய நிலம் விடகரபோகம் எனப்பட்டது. இவை தந்தைக்குப்பின் மகன் என வழிவழி வந்தவை. தஞ்சாவூரில் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலசாலை என ஒன்றிருந்ததும், இராசராசன் தமக்கையாராகிய குந்தவையார் அதன் பொருட்டு நிலம் அளித்ததும் முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டுகளால் அறியப்படும். ஆகவே ஊர்க்காணி மருத்துவன் ஒருபுறமும், கோயில் சார்ந்த சாலை மற்றொருபுறமும் ஆக இருவகை ஏற்பாடுகள் அக்காலத்தில் நிலவின. காணி மருத்துவன் வந்து மருந்து சொல்லிப் போவான். பக்கத்திருந்து பேணுதல் வீட்டுப் பெண்டிர் கடன். அப்பணி எக்கல்லிலும் ஏறவில்லை. சாலை ஏற்பட்ட இடத்தில்தான் அது கூலிபெறும் தொழிலாகிக் கணக்கில் இடம் பெற்றது. இந்த ஒரு காரணத்திற்காகவே திருமுக்கூடற் கல்வெட்டு நமக்கு அருமருந்தாகும்.

ஆதுலசாலை என்னும் சொல்லையும் நோக்குதல் தகும். ஆதுரர் என்னும் வடசொல் தமிழில் ஆதுலர் எனத் திரிந்தது. வடமொழியில் நோயாளர் என்னும் பொருள் சிறந்து நிற்க, தமிழிலோ வறியவர் என்னும் பொருளும் அதனோடு சேர்ந்துவிட்டது. வறுமையும் பிணியும் ஒருங்கே வருதலைக் கண்ட மக்கள் இரண்டையும் ஒரு சொல்லுள் அடக்கினர் போலும். முப்பத்திரண்டு அறங்களை எண்ணிக் கூறும் மரபில் ஆதுலர்க்குச் சாலை என்பதே முதற்கண் நிற்பது. அவ்வரிசையில் ஓதுவார்க்கு உணவு, நோய்மருந்து, கண்மருந்து, நாவிதர், தலைக்கு எண்ணெய், மகப்பெறுவித்தல், மகவு வளர்த்தல், அறவைப் பிணஞ் சுடுதல் என்பனவும் தனித்தனி அறங்களாக வரும். உடற்பேணலும் ஆதரவற்றார்க்கு உதவலும் ஒரே நிரலில் வைத்து எண்ணப்பட்டமை காண்க.

இவ்வரிசையைக் கையிற்கொண்டு திருமுக்கூடற் கணக்கைப் படிப்பின் வியப்பானதோர் ஒப்புமை தோன்றும். ஓதுவார்க்கு உணவு என்பது அங்கே மாணவர் விடுதி. நோய்மருந்து 40 காசில் அடங்கும். கண்மருந்துக்குச் சுநேத்திரி. நாவிதனுக்கு 15 கலம். தலைக்கு எண்ணெய் 51 சனிக்கிழமை. தனித்தனியே ஒருவர் ஒருவராகப் புண்ணியங் கருதிச் செய்தற்குரிய அறங்கள், அங்கே ஓரிடத்தில் திரண்டு, ஆள் இன்னார், கூலி இவ்வளவு, நாள் இத்தனை என்னும் வரையறை பெற்றுவிட்டன. நினைத்தபோது ஈதல் வேறு. நாள்தோறும் தவறாமல் நடக்கும்படி ஏற்பாடு செய்தல் வேறு. நோயாளனுக்கு வேண்டியது பின்னதே. ஆயினும் மகப்பெறுவித்தல், மகவு வளர்த்தல் என்னும் இரண்டும் இங்கே காணப்படவில்லை. ஓதும் மாணவரும் கோயிற் பணியாளரும் கூடிய இடத்தில் அவற்றுக்கு இடமில்லாமற் போனது இயல்பே. ஆந்திர நாட்டில் குண்டூர்ப் பகுதியிலுள்ள மல்காபுரம் கல்வெட்டு (1261) காகதீய அரசி உருத்திரமாதேவி காலத்தது; விசுவேசுவர சம்பு என்னும் சைவ ஆசிரியர் நிறுவிய அறநிலையத்தில் ஆரோக்கியசாலையோடு மகப்பேற்றுச் சாலையும் இருந்தமை அதனால் அறியப்படும். கடல் கடந்த கம்போச நாட்டில் ஏழாம் சயவர்மனின் தா புரோம் கல்வெட்டு (1186) நாடெங்கும் 102 மருத்துவச் சாலைகள் இருந்தன எனக் கூறும். அது அரசு முழுவதும் தழுவிய ஏற்பாடு. திருமுக்கூடல் ஒரு கோயிலின் எல்லைக்குட்பட்டது. இரண்டனையும் ஒரே தராசில் நிறுத்தல் கூடாது.

இச்செலவனைத்திற்கும் வருவாய் எங்கிருந்து வந்தது? வயலைக்காவூர் என்னும் ஊர் செலுத்திவந்த 75 கழஞ்சுப் பொன் கோயிலுக்கு உரியதாக ஆக்கப்பட்டது. ஓர் ஊரின் இறையே சாலையின் உயிர்நிலை. மழை பொய்த்தாலும் படையெடுப்பு நேர்ந்தாலும் அவ்வூர் குடிபெயர்ந்தாலும், பூசையும் பள்ளியும் சாலையும் ஒருங்கே தளரும். இவ்வேற்பாட்டின் வலிமையும் மெலிவும் இதிலேயே உள்ளன. திருவரங்கத்து ஆரோக்கியசாலையின் வரலாறு இதற்குச் சான்றாகும். போசளர் காலத்தில் தோன்றிய அச்சாலை இடையிற் பழுதுற்றுக் கிடக்க, கருடவாகன பட்டர் என்பார் 1493இல் அதனைப் புதுப்பித்துத் தன்வந்திரி உருவையும் அங்கு எழுந்தருளுவித்தனர். அங்கே மீண்டும் எடுத்து நிறுத்த ஒருவர் முன்வந்தார்.

மீண்டும் உழைச்செல்வாரிடம் வருவோம். திருமுக்கூடற் சாலையிற் பணிபுரிந்த எண்மருள் பெயர் சுட்டப்பெற்றவன் மருத்துவன் ஒருவனே. ஏனையோர் ஒருவன், இருவர் என்னும் எண்ணளவில் நின்றனர். மருத்துவன் உரிமை வழிவழி வருவதாதலின் பெயர் வேண்டப்பட்டது. மற்றையோர் மாறிக்கொண்டே இருப்பராதலின் பதவி மட்டும் குறிக்கப்பட்டது என அமைதி கூறலாம். அது பெரும்பாலும் உண்மையே. ஆனால் பெண்டிர் பெயரைக் கல்லில் எழுதும் வழக்கமே அக்காலத்தில் இல்லை என்று மட்டும் கூற இயலாது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராசன் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரும் தத்தம் பெயரோடும், வந்த தளியின் பெயரோடும், இருந்த தெருவும் மனையும் சுட்டி அங்கே பொறிக்கப்பட்டுள்ளனர். அவருள் ஒவ்வொருவருக்கும் பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கல நெல் வகுக்கப்பட்டது. இரு கோயில்களிலும் அளக்கப்பட்ட மரக்கால் ஒன்றே எனக் கொள்ளுதற்கில்லை. தஞ்சை பேரரசின் தலைக்கோயில், திருமுக்கூடல் ஆற்றங்கரை ஊர். இவ்வேறுபாடுகளுக்கு எவ்வளவு கழித்தாலும், ஆடல் மகளிர்க்கு 100 கலம், நோயாளரைப் பேணிய மகளிர்க்கு 15 கலமும் அரைக் காசும் என்பவற்றிடையேயுள்ள தொலைவு பெரிதாகவே எஞ்சுகின்றது. அவ்விருவரும் எக்குடியினர், கோயிலைச் சார்ந்தவரோ ஊரிலிருந்து வந்தவரோ, இரவில் அந்த ஒற்றை விளக்கின்கீழ் இருவரும் முறைவைத்து விழித்திருந்தனரோ என்பவற்றைக் கல் கூறவில்லை. அவ்விளக்கின் எண்ணெய்க்கு ஆண்டுதோறும் ஆன செலவு 2¼ காசு. அவ்விருவருக்கும் கூடி அளித்தது 1 காசு.